முகப்படத்துக்கு 50 பிரைம் வாங்கவா, ஜூமுக்குக் காசு சேர்க்கவா?

நெல்லைவெளிச்சம்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கேனான் 200டி மார்க் 2. கூடவே வந்த 18-55, 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ் இரண்டும் இருக்கின்றன. இரண்டு வருடமாகக் கோயில், குளம், தேர் என்று எடுத்துக்கொண்டிருந்தவன், இப்போது முகங்கள் பக்கம் வந்திருக்கிறேன். முக்கியமாக எங்கள் ஆச்சி. எண்பத்து மூன்று வயது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுவாள். அந்த முகத்தை ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று ஆறு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

18-55ஐ 55இல் வைத்தால் லென்ஸின் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், 6400க்குப் போய்விடுகிறது. கன்னத்துச் சுருக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ரவை தூவியது போலப் புள்ளிகள். பின்னால் நிற்கும் சைக்கிள், கரண்ட் மீட்டர், செருப்பு எல்லாம் ஆச்சிக்குச் சமமாகத் தெளிவாகத் தெரிகின்றன.

கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. 50 எஃப் 1.8 எஸ்டிஎம் என்ற பிரைம் (ஜூம் செய்ய முடியாத) லென்ஸை வாங்கு என்கிறார் ஒரு நண்பர். அதை வாங்கினால் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வாய், பொறுத்திருந்து 70-200 எஃப் 2.8 வாங்கு என்கிறார் இன்னொருவர். அடுத்த மாதம் பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு, அங்கும் நான்தான் படம் எடுக்க வேண்டும். எதை வாங்கட்டும்?

மழலைமுகம்

யோசிக்கவே வேண்டாம் தம்பி, 50.

கோவையில் பச்சைக் குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் படம் எடுக்கிறேன். என் வேலையில் பெரும்பகுதி 50இல்தான். எஃப் 5.6க்கும் 1.8க்கும் நடுவே கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்ச வித்தியாசம். உங்கள் 6400 அப்படியே 640க்கு இறங்கிவிடும். அதே திண்ணை, அதே ஐந்தரை மணி. ஆச்சியின் சுருக்கங்கள் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த லென்ஸ் 160 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கும். பெரிய குழாயை முகத்துக்கு நேராக நீட்டினால் வயதானவர்கள் தலையை வாரிக்கொண்டு, புடவையைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுவார்கள். சின்ன லென்ஸோடு பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கேமராவையே மறந்துவிடுவார்கள். நான் முதலில் அரை மணி நேரம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு பேசிக்கொண்டுதான் இருப்பேன்.

முகூர்த்தக்கேமரா

அக்கா சொல்வது ஆச்சிக்குச் சரி. வளைகாப்புக்குச் சரிவராது.

பதினோரு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். கெட்டிமேளம் கொட்டியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும் வரை அரை நிமிடம்கூட இருக்காது. எனக்கு முன்னால் வீடியோக்காரர், அவர் தலைக்கு மேல் லைட், பின்னால் மாமா ஒருவர் தோளில் கை போட்டு எம்பிக்கொண்டிருப்பார், எல்லாப் பக்கமிருந்தும் அட்சதை. ஒரு அடி முன்னே போக முடியாது, பின்னேயும் முடியாது. அந்த அரை நிமிடத்துக்குள் மணவறை முழுக்க ஒரு படம் வேண்டும். குனிந்த பெண் முகம் வேண்டும். கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல்கள் வேண்டும். ஓரமாக நின்று கண்ணைத் துடைக்கும் அப்பா வேண்டும். 24-70 ஜூமைத் திருகுகிற அந்த ஒரு அசைவில் இவ்வளவும் கிடைக்கும். 50ஐ மாட்டியிருந்தால் இதில் ஒன்றுதான் கிடைக்கும், அதுவும் எது என்பதை நான் முடிவு செய்ய முடியாது.

"காலால் ஜூம் செய்" என்று சொல்வார்கள். நடக்க இடமே இல்லாதவனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

அப்புறம் 50 எஸ்டிஎம்மில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. கேமராவோடு வந்த உங்கள் கிட் லென்ஸில் இருக்கிறது. அதையும் யோசியுங்கள்.

மழலைமுகம்

ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும் தம்பி, எதிரே இருப்பவர் அசைவதைப் பிடிக்காது. 1/15 நொடியில் திண்ணைத் தூண் கத்தி மாதிரி வரும், பூக் கட்டுகிற ஆச்சியின் விரல்கள் கலங்கிப்போகும். எப்படியும் 1/125க்குக் கீழே இறங்க முடியாது. அந்த வேகத்தில் 50 மி.மீ.க்கு ஸ்டெபிலைசேஷன் இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

கல்யாணத்தில் நிற்க இடம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இவர் கேட்டது முகப்படத்துக்கு.

கோவில்பட்டிஸ்டுடியோ

வணக்கம். ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். எங்களிடம் யாஷிகா மேட் 124ஜி இருந்தது. அதில் 80 மி.மீ. லென்ஸ், எஃப் 3.5, கழற்றவே முடியாது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். முப்பது வருடம் முகம் முகமாக எடுத்தது அந்த ஒரே கண்ணாடியில்தான்.

ஸ்டூல் போடும் இடத்தைத் தரையில் சிவப்புப் பெயின்ட் அடித்துக் குறித்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஏழு அடி தள்ளி, கேமரா ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் மூன்று புள்ளி. என் குருநாதர் கற்றுக்கொடுத்த இடம் அது. புதிதாக வந்த பையன் ஒருவன் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஸ்டாண்டை மூன்றடிக்குக் கொண்டுபோய்விட்டான். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் கல்யாணப் பெண்ணுக்கு மூக்கு புடைத்து, காது உள்ளே போய்விட்டது. பெண் வீட்டார் படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். மறுபடி வரச்சொல்லிக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தோம்.

அதனால் தம்பிக்குச் சொல்வது இதுதான். எந்த லென்ஸ் வாங்கினாலும் முகத்துக்கும் உங்களுக்கும் ஐந்து அடியாவது இருக்கட்டும். ஆறேழு அடி இன்னும் நல்லது.

முகூர்த்தக்கேமரா

ஐயா சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். நீளமான லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கி அழகாகக் காட்டும். அதற்குக் குறைந்தது 85 மி.மீ. வேண்டும், 50 போதாது.

துளைக்கணக்கு

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், ஒளியியல் எனக்குப் பிடித்த பாடம்.

முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, நிற்கும் தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 12 செ.மீ. என்று வையுங்கள். அரை மீட்டரில் நின்றால் மூக்கு 50 செ.மீ. தள்ளி, காது 62 செ.மீ. தள்ளி. அதாவது காதைவிட மூக்கு 24 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். இரண்டு மீட்டரில் நின்றால் அந்த வித்தியாசம் வெறும் 6 சதவீதம். அங்கே நின்று 18 மி.மீ.யில் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் அதே 6 சதவீதம்தான். 85 முகத்தைத் தட்டையாக்குவதாகத் தோன்றக் காரணம், அது நம்மைப் பின்னால் தள்ளி நிற்க வைக்கிறது. ஐயாவின் சிவப்புப் பெயின்ட் செய்த வேலையும் அதுதான்.

"காலால் ஜூம் செய்" என்பதில் எனக்கும் இங்கேதான் வருத்தம். ஜூமைத் திருகினால் படத்தின் சட்டம் மட்டும் மாறுகிறது. நடந்தால் முகமே மாறுகிறது. இரண்டும் ஒன்றல்ல. முதலில் நிற்க வேண்டிய இடத்தை முடிவு செய்யுங்கள், அந்த இடத்துக்குப் பொருந்தும் லென்ஸைப் பிறகு எடுங்கள்.

உங்கள் கேமராவின் சென்சார், 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃப்ரேமைவிட 1.6 மடங்கு சிறியது. ஆகவே அதில் 50 என்பது ஃபுல் ஃப்ரேமில் 80 போலப் பார்க்கும். தலையும் தோளும் சேர்த்து 60 செ.மீ. உயரம் சட்டத்தில் வர, ஏறக்குறைய 1.4 மீட்டரில் நிற்பீர்கள். நாலரை அடி. கொஞ்சம் மடியும் கையும் சேர்த்தால் ஐயா சொன்ன ஐந்தாறு அடி தானாக வந்துவிடும். 85ஐ மாட்டினால் அதே தலை தோளுக்கு 2.3 மீட்டர், நிற்கிற ஆளை முழுசாக எடுக்க ஏழரை மீட்டர். நம் வீடுகளில் ஏழரை மீட்டர் நீளமான அறை எத்தனை வீட்டில் இருக்கிறது?

நெல்லைவெளிச்சம்

எல்லோருக்கும் நன்றி. சார், பின்னணி மங்கலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டா? 1.8 என்றால் மங்கும், 5.6 என்றால் மங்காது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

துளைக்கணக்கு

உண்டு, ரொம்ப எளிது. லென்ஸின் மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். முகம் சட்டத்தில் ஒரே அளவில் இருக்கும்போது, தொலைவில் உள்ள பின்னணி எவ்வளவு கரையும் என்பதை அந்த விட்டம்தான் முடிவு செய்கிறது.

உங்கள் கிட் லென்ஸில் 55ஐ 5.6ஆல் வகுத்தால் 10 மி.மீ. 50 எஃப் 1.8க்கு 28. 85 எஃப் 1.8க்கு 47. 200இல் எஃப் 2.8 என்றால் 71. பெரிய ஜூம் வைத்திருப்பவர்கள் மைதானத்தில் எடுக்கும் படங்களில் பின்னணி பட்டு மாதிரி கரைவது இதனால்தான், எஃப் எண் 1.8ஐவிடப் பெரிதாக இருந்தும்.

இப்போது உங்கள் பையில் தூங்கிக்கொண்டிருக்கும் 55-250ஐ எடுங்கள். 250ஐ 5.6ஆல் வகுத்தால் 45 மி.மீ. ஏறக்குறைய 85 எஃப் 1.8 அளவுக்கு! வெளியில், வெளிச்சம் இருக்கும் நேரத்தில், உங்களிடம் ஏற்கெனவே நல்ல முகப்பட லென்ஸ் இருக்கிறது.

இரண்டு நிபந்தனைகள். தலை தோளுக்கு ஆறேழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பின்னணி ஆளுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு மீட்டரில் சுவர் இருந்தால் 85 கொடுக்கும் மங்கலில் பாதிதான் இது கொடுக்கும். ஆற்றங்கரை, வயல், நீளமான தெரு என்றால் பிரமாதமாக வரும். திண்ணைக்கு உதவாது.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். முகப்படத்துக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த முதல் லென்ஸ் 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் வடிவமைத்தது. வாய்க்ட்லேண்டர் நிறுவனம் தயாரித்தது. எஃப் 3.6 அளவுக்குத் திறந்தது. அதற்கு முன் முகத்தைப் படமெடுக்க ஆளை நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வைத்தார்கள். 35 மி.மீ. கேமராவுக்கான முதல் ஜூமும் வாய்க்ட்லேண்டர் பெயரில்தான் வந்தது, 1959இல், ஜூமார் 36-82 எஃப் 2.8. நடுவில் 119 வருடம். பிரைம் என்றால் தெளிவு, ஜூம் என்றால் சமரசம் என்ற பேச்சு பிரைமுக்குக் கிடைத்த அந்த முன்னிலையிலிருந்து வந்திருக்கலாம். இன்றைய நல்ல ஜூம்களில் எஃப் 4இல் எடுத்த முகத்தையும் பிரைமில் எஃப் 4இல் எடுத்த முகத்தையும் அருகருகே வைத்தால் எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. தெளிவுக்காகப் பிரைம் வாங்காதீர்கள். வெளிச்சத்துக்காகவும் துளைக்காகவும் வாங்குங்கள்.

முகூர்த்தக்கேமரா

தூரத்தைப் பற்றி சார் சொன்னது சரி, அவர் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். இத்தனை வருடம் லென்ஸ்தான் செய்கிறது என்றே நினைத்திருந்தேன்.

70-200 எஃப் 2.8 பற்றி நம்மவருக்கு ஒரு வார்த்தை. நான் வைத்திருக்கும் கேனான் இஎஃப் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். சோனியின் புதியது 1,045 கிராமுக்கு இறங்கிவிட்டது, ஆனாலும் கழுத்தில் ஆறு மணி நேரம் தொங்கவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் கேமராவின் 1.6 மடங்கால் அது 112 போலத்தான் தொடங்கும். வளைகாப்பு நடக்கும் வீட்டுக் கூடத்தில் அதை வைத்து யாரை எடுப்பீர்கள்? அந்த நண்பர் சொன்னது இப்போதைக்கு வேண்டாம். காசு சேர்ப்பதானால் 17-50 எஃப் 2.8 மாதிரி ஒன்றுக்குச் சேருங்கள். சிக்மாவின் பழைய 17-50 செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. எஃப் 2.8, விழா முழுவதையும் ஒரே லென்ஸில் முடித்துவிடலாம்.

நாகைக்கரை

செகண்ட் ஹேண்ட் ஜூம் என்றதும் எழுதத் தோன்றியது. அதே மாதிரி ஒன்றைத்தான் கடையில் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல ஆகிவிடும். சுத்தம் செய்யக் கொடுத்தேன். ஜூமில் கண்ணாடிகள் அதிகம், பிரித்துச் சேர்ப்பது பெரிய வேலை.

எனவே டார்ச் இல்லாமல் போகாதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஜூம் வளையத்தை முழுதும் திருகி எங்காவது சிக்குகிறதா என்று பாருங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தானாக நீள்கிறதா என்றும் பாருங்கள். வாங்கிய பிறகு தோல் பையில் வைக்க வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் அதுதான் ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் புதிது போடுங்கள். என் மூன்று லென்ஸ்களும் இப்போது அப்படித்தான் இருக்கின்றன.

கோவில்பட்டிஸ்டுடியோ

தம்பி, காசு செலவழிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். 18-55ஐ 50இல் நிறுத்தி, வளையம் நகராதபடி செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் டேப்பைப் பிரிக்கக் கூடாது. எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே சுகமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். டேப்பின் விலை பத்து ரூபாய்.

நெல்லைவெளிச்சம்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். டேப் ஒட்டிப் பார்த்தேன் அண்ணாச்சி.

திண்ணையில் ஒரு தடவைகூட டேப்பைப் பிரிக்கத் தோன்றவில்லை. வாசல்படிக்குக் கீழே நின்றால் ஆச்சியின் தலையிலிருந்து மடியில் இருக்கும் பூக்கூடை வரை சரியாக அமைகிறது. வீட்டுக்குள்ளே கதை வேறு. எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அம்மாவும் சித்தியும் சேர்ந்து நின்றதை எடுக்கப் போய், முதுகு சுவரில் இடித்த பிறகும் முழங்காலோடு வெட்டுப்பட்டார்கள். பழைய படங்களின் விவரத்தையும் புரட்டிப் பார்த்தேன். தனி முகங்கள் எல்லாம் 45க்கு மேல். விழாப் படங்கள் பெரும்பாலும் 18க்கும் 30க்கும் நடுவில்.

அதனால் 50 வாங்குகிறேன். வளைகாப்புக்குக் கிட் ஜூமை மாட்டி, வெளி ஃப்ளாஷ் ஒன்றை இரவல் வாங்கி, அதன் வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடித்து எடுக்கலாம் என்றிருக்கிறேன். இது சரிவருமா?

முகூர்த்தக்கேமரா

சரிவரும். கூரை வெள்ளையாக இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பச்சைப் பெயின்ட் என்றால் எல்லோர் முகமும் பச்சையாகும். வளையல் அடுக்கும்போது ஜூம். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்து 50. நடுவில் கூட்டத்துக்குள் லென்ஸ் மாற்ற வேண்டாம், ஓரமாகப் போய்க் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

மழலைமுகம்

50 வந்ததும் எல்லோரும் செய்வது, 1.8லேயே பூட்டு போட்டது போல எடுப்பது. உங்கள் கேமராவில் 1.4 மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே ஐந்து செ.மீ.தான். முகம் கொஞ்சம் திரும்பினால் ஒரு கண் தெளிவு, மற்ற கண் மங்கல். 2.8க்குப் போனால் எட்டு செ.மீ. கிடைக்கும். இன்னொன்று, வியூஃபைண்டரில் பார்த்து நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைச் சாய்க்காதீர்கள், அந்தச் சாய்ப்பில் கண் நழுவிவிடும். உங்கள் மார்க் 2இல், பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. ஆச்சி மாதிரி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

நெல்லைவெளிச்சம்

லென்ஸ் வந்தது, வளைகாப்பும் முடிந்தது. சொன்னபடி விவரம்.

விழாவில் கிட் ஜூம்தான் காப்பாற்றியது. சந்தனம் பூசுகிறவர்களுக்கு நடுவே ஒரு முழம் இடம்தான் கிடைத்தது. 18இல் கூடம் முழுக்க, 55இல் வளையல் ஏறும் மணிக்கட்டு. நடுவில் ஆசைப்பட்டு 50ஐ மாட்டினேன். சரியாக அந்த நேரத்தில் பெரியப்பா உள்ளே வந்து மகளுக்குத் திருநீறு பூசினார். என் சட்டத்தில் அவர் கையும் அவள் நெற்றியும் மட்டும் இருந்தன, அவர் முகம் இல்லை. அவர் கண் கலங்கியதைப் பெரியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு கடைசி வரை ஜூமைக் கழற்றவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோரம் 50இல் எடுத்த அவள் படம்தான் இப்போது பெரியம்மா வீட்டு ஹாலில் மாட்டப்போகிறார்கள்.

துளைக்கணக்கு சார், குறுக்குத்துறைப் படித்துறையில் காலை ஏழு மணிக்கு என் தம்பியை உட்கார வைத்து 55-250ஐ 250இல் வைத்துப் பார்த்தேன். பதினாறு தப்படி தள்ளி நின்றேன். அக்கரை மரங்கள் பச்சைச் சாயம் போலக் கரைந்துவிட்டன. இரண்டு வருடமாகக் கொக்கு எடுக்க மட்டும் வைத்திருந்த லென்ஸ் அது.

ஆச்சி படம்: 50, எஃப் 2.8, 1/125, ஐஎஸ்ஓ 1600. மல்லிகைக்கு முடிச்சுப் போடும்போது வாழைநாரின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நாரில் ஒட்டியிருந்த தண்ணீர்த் துளி தெரிகிறது, இடது கண்ணின் வெண்மை படர்ந்த வளையம் தெரிகிறது. சைக்கிள் ஒரு நிழலாக மட்டும் இருக்கிறது. கரண்ட் மீட்டர் எங்கே போனது என்றே தெரியவில்லை.

கோவில்பட்டிஸ்டுடியோ

நல்லது தம்பி. ஒரு பிரிண்ட் போட்டு ஆச்சி கையிலேயே கொடுத்துவிடுங்கள். மேட் பேப்பரில் போடச் சொல்லுங்கள், பளபளப்புத் தாளில் திண்ணை வெளிச்சம் எதிரொளித்து வயதான கண்ணுக்குப் படம் தெரியாது.